குழு இருக்கிறது, கையெழுத்து யாருடையது?

கல்வராயன் மலையில் தேசியப் பூங்கா எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களமருதூர் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்ததுமே ஒரு தம்பி கேட்டது அதைத்தான்: "நம்ம மலையில பூங்காவே இல்ல, காப்புக்காடுதான் இருக்குது. பூங்காவ ஊர்க்காரங்க நடத்துறதப் பத்தி நமக்கு என்னாண்ணே?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பேசலாம்.

காடு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது பல வகை. காப்புக்காடு 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்திலிருந்து வருவது. உள்ளே போக, மேய்க்க, பொறுக்க அனுமதி வேண்டும்; ஆனாலும் சில உரிமைகளை அரசு விட்டுவைக்கலாம். சரணாலயமும் தேசியப் பூங்காவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்தவை. சரணாலயத்தில் பழைய உரிமைகள் சிலவற்றைத் தொடர விடுவதற்கு இடமுண்டு. பூங்காவில் அதுவும் இல்லை. பூங்கா என்று இறுதியாக அறிவிக்கும் முன் உள்ளே இருப்பவர்களின் உரிமைகள் அத்தனையும் தீர்க்கப்பட்டு அரசு கைக்குப் போய்விட வேண்டும். ஆடு மாடுகூட மேயக் கூடாது. ஆள் இல்லாத காடுதான் நல்ல காடு என்ற எண்ணத்தின் மேல் எழுதிய சட்டம் இது. 1872-ல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோனைப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து அந்த எண்ணம் ஊர் உலகமெல்லாம் போய்விட்டது.

தமிழ்நாட்டில் இப்படி 5 தேசியப் பூங்காக்கள் உண்டு: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா கடல் பூங்கா. கிண்டியை விட்டுவிடுங்கள், அது ஊருக்கு நடுவில் வேலி போட்ட இடம். மற்ற நான்கிலும் சுற்றியோ உள்ளேயோ ஆள் இருக்கிறார்கள். காடர், மலசர், இருளர், குறும்பர், தோடர், கடலோரத்தில் மீனவர்.

சரி, நமக்கு என்ன? நம் பக்கத்து மலைக்காரர்கள் தேசியப் பூங்கா ஒன்றோடு சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். இங்கே இல்லை, ஆந்திராவில். திருப்பதி பக்கம் சேஷாசலம் மலையில் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா இருக்கிறது. செம்மரம் தானாக வளர்கிற இடம் அந்த மலைத்தொடரும் அதை ஒட்டிய பகுதிகளும்தான். அதை வெட்டித் தூக்க ஆள் பிடிக்கிற இடம் ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் மலை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். அவர்களில் பலர் மலையாளிப் பழங்குடியினர், கல்வராயன் மலையில் இருக்கிற அதே சனம்.

அந்த ஆட்களிடம் இருந்தது என்ன? இருட்டில் காட்டுக்குள் வழி தவறாமல் நடக்கத் தெரியும். கோடாலி வீச்சு தெரியும். பாறைச் சரிவில் பாரம் தூக்க முடியும். யானை நிற்கிற வாடை தெரியும். இத்தனை திறமைக்கும் காட்டுக்குள் சட்டப்படி ஒரு வேலை யாரும் வைத்திருக்கவில்லை. விலை வைத்தது தரகர் ஒருவர்தான்.

இதே திறமைக்கு இன்னொரு காட்டில் வேறு முடிவு கிடைத்தது. தேக்கடி போயிருப்பீர்கள், குறைந்தது படகுத் துறையையாவது பார்த்திருப்பீர்கள். பெரியாறு புலிகள் காப்பகம். அதன் உள்பகுதி தேசியப் பூங்காவாக 1982-ல் அறிவிக்கப்பட்டது. குமுளி வட்டாரத்து ஆட்கள் சிலர் அந்தக் காட்டில் பல ஆண்டுகளாக வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தினார்கள். இலவங்கப்பட்டைக்கு உறவான மரம், மசாலா வியாபாரத்துக்குப் போகும். கூடவே சந்தனம், வேட்டை. வாரக்கணக்கில் காட்டில் தங்குவார்கள். வனத்துறை துரத்தும், அவர்கள் ஓடுவார்கள், சிலர் ஜெயிலுக்குப் போவார்கள், மறுபடியும் வருவார்கள்.

1990-களின் நடுவில் உலக வங்கிப் பணத்தோடு இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பெரியாறும் அதில் ஒன்று. அப்போது அங்கிருந்த அதிகாரிகள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். பட்டை உரிக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வழக்குகளை விலக்கிக்கொள்கிறோம், நீங்கள் தொழிலை விட்டுவிட்டுக் காட்டைக் காக்க வாருங்கள் என்றார்கள். 1998-ல் 23 பேர் சேர்ந்து ஒரு குழுவானார்கள். குழுவின் பெயரிலேயே 'முன்னாள் வயணா பட்டை சேகரிப்போர்' என்று வைத்துக்கொண்டார்கள், மறைக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய் இரவு கூடாரத்தில் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவருவது அவர்கள் வேலை. பயணி கட்டுகிற பணத்தில் அவர்கள் சம்பாதிக்கிறார்கள். பயணி நடக்கிற அதே பாதையில் காவலும் நடந்துவிடுகிறது. எந்தப் பள்ளத்தில் வேட்டைக்காரன் அடுப்பு மூட்டுவான் என்று இவர்களை விட யாருக்குத் தெரியும்? மற்ற கடத்தல்காரர்களைப் பிடிக்கத் துப்புக் கொடுத்ததும் இவர்கள்தான்.

2002-ல் அங்கே பெண்கள் 'வசந்த சேனை' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். முறை வைத்துக்கொண்டு நாளுக்கு நாலைந்து பேராகக் காட்டைச் சுற்றி வருவார்கள், சந்தன மரங்களைப் பார்த்துக்கொள்வார்கள். கூலி கிடையாது. இதைச் சொல்லும்போது எல்லாரும் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு அவ்வளவு நெகிழ்ச்சி வரவில்லை. ஆண்கள் குழுவுக்கு வருமானம், பெண்கள் குழுவுக்குப் பாராட்டு என்று இருந்தால் அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

பெரியாறில் நடந்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படாதது. உலக வங்கித் திட்டம் 2004-ல் முடிந்தது. பொதுவாக அன்றோடு குழுக்களும் முடிந்துவிடும். இங்கே அந்த ஆண்டே பெரியாறு அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தி, உள்ளே வருகிற பயணிகளிடம் சீட்டோடு சேர்த்து ஒரு கூடுதல் தொகை வாங்கி, அதை அந்த அறக்கட்டளையில் போட்டார்கள். காட்டில் விளைகிற பணம் கஜானாவுக்குப் போய்விடாமல் காட்டையும் ஊரையும் சுற்றியே நின்றது. குழுக்கள் நிலைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

நம் பக்கம் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 1990 ஜூனில் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மை என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டில் ஜப்பான் கடனில் 1997-ல் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது ஊருக்கு ஊர் கிராம வனக்குழு அமைத்தார்கள். தலைவர் ஊர்க்காரர், தேர்ந்தெடுக்கப்பட்டவர். உறுப்பினர் செயலாளர் வனத்துறைக்காரர். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும். கன்று நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள், கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். சில ஊர்களில் உண்மையாகவே காடு திரும்பி வந்தது. திட்டப் பணம் நின்றதும் பல ஊர்களில் பெயர்ப்பலகை மட்டும் நின்றது.

நமக்குத் தெரிந்த ஏரியை வைத்து இதைச் சொல்கிறேன். ஏரிக்குப் பாசனச் சங்கம் இருக்கிறது, தலைவருக்குத் தேர்தல் நடக்கிறது, போஸ்டர்கூட ஒட்டுகிறார்கள். ஆனால் மதகுச் சாவி அதிகாரியிடம் இருந்தால், தலைவர் செய்யக்கூடியது சாவி வைத்திருப்பவரைப் போய்ப் பார்ப்பது மட்டும்தான். வனக்குழுவும் அப்படித்தான். செயலாளர் கையெழுத்துப் போடாமல் காசோலை நகராது, செயலாளர் கூப்பிடாமல் கூட்டம் நடக்காது. நல்ல வனவர் வந்தால் நல்ல குழு. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் மனசு போல. பெரியாறு குழுக்களிலும் செயலாளர் வனத்துறைக்காரர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் ஓரவஞ்சனை செய்தவனாவேன். அங்கே கிடைத்ததும் நல்ல அதிகாரிகள் கொடுத்ததுதான்.

தம்பி இதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டார். "அதிகாரி குடுக்காம, ஊருக்கே உரிமைன்னு எங்கியாச்சும் இருக்குதா?"

இருக்கிறது. 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. 2008 ஜனவரியில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பட்டா கொடுக்கிற சட்டம் என்றுதான் நம் ஊரில் இதற்குப் பெயர். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுகிற பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை, அது ஒரு பங்கு. ஆனால் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. ஊர் காலங்காலமாகப் புழங்கிக் காத்துவந்த காட்டைக் காக்கவும், மீட்டு வளர்க்கவும், நிர்வகிக்கவும் அந்த ஊருக்கு உரிமை உண்டு. 'சமூக வன வளம்' என்பார்கள். முடிவெடுப்பது கிராம சபை. அதற்குக் காவல் குழு வைப்பதும் கிராம சபை. இந்தச் சட்டத்தில் வன நிலம் என்பது காப்புக்காட்டோடு நிற்கவில்லை. சரணாலயமும் தேசியப் பூங்காவும் அதற்குள் வரும். 1972 சட்டம் மூடிய கதவில் 2006 சட்டம் ஒரு சாளரம் வைத்தது. சிறிய சாளரம்தான், கொண்டியும் உண்டு: வனவிலங்குக்கு மிக முக்கியமான இடம் என்று அறிவியல்படி நிறுவினால், கிராம சபை சம்மதத்தோடு உரிமைகளை மாற்றியமைக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைச் சான்று கொடுக்க முடியாமல் போனது. 2016-ல்தான் அந்த முட்டுக்கட்டை விலகியது. பக்கத்து மாநிலங்கள் எட்டு ஆண்டு நடந்த பிறகு நாம் செருப்பு மாட்டினோம். பிறகு 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதக் கடைசியிலேயே நிறுத்தியும் வைத்தது. மலை ஊர்களில் அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த உரிமையைப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே வாங்கியவர்கள் சோளகர் பழங்குடியினர். சத்தியமங்கலம் காட்டைத் தாண்டி கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை. சரணாலயமாக இருந்த இடத்தில் 2006-ல் தேன், நெல்லி, கல்பாசி எதையும் விற்பனைக்கு எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. 2011-ல் அது புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்தின் உள்பகுதியில் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. 2010-க்கும் 2014-க்கும் நடுவில் அங்கே புலி எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உரிமை கொடுத்ததால்தான் ஏறியது என்று நான் சொல்லமாட்டேன்; புலிக்குப் பல காரணம் உண்டு. உரிமை கொடுத்தால் புலி அழிந்துவிடும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

சோளகரிடம் இருந்து கற்க வேண்டியது இன்னொன்று. கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு லேசாக இருக்கும்போது தரையோடு சின்னத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். வனத்துறை தீயென்றாலே குற்றம் என்று நிறுத்தியது. உண்ணிச்செடி காடு முழுக்கப் புதராக ஏறியதற்கும், நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகியதற்கும், தீ நின்றதே காரணம் என்கிறார்கள் சோளகர். ஆராய்ச்சியாளர்கள் முதலில் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பிறகு அளந்து பார்க்க ஆரம்பித்து, அதில் விஷயம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஊரைப் பூங்கா நிர்வாகத்தில் சேர்ப்பது என்றால் பெஞ்சில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுப்பது இல்லை. எப்போது தீ வைக்கலாம் என்ற பேச்சில் ஊர்க்காரர் சொல் எடுபட வேண்டும்.

நம் மாநிலத்து உதாரணம் ஒன்று கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 21 தீவுகள், 1986. தீவுகளைச் சுற்றி ராமநாதபுரம் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பவளப்பாறையிலிருந்து பறிக்கிற வேலை. பூங்கா என்று ஆனதும் அது திருட்டாகிவிட்டது. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது, பாசி வளர்கிற காலத்தில் நிறுத்துவது, உலோகச் சுரண்டியைத் தொடுவதில்லை. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. எந்த அரசாணையும் சொல்லாமல் தாங்களே போட்ட விதி. வேடந்தாங்கல்காரர்களும் இப்படித்தான், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்லது என்று தெரிந்து, சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல் புகார் சொல்லி, 1798-லேயே கலெக்டரிடம் காவல் உரிமை எழுதி வாங்கிவிட்டார்கள்.

குழு நிஜமா பொம்மையா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். ஊர் 'வேண்டாம்' என்று சொன்னால் நிற்குமா? ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற பெரிய செம்பாறை இருக்கிறது. 1985-ல் அந்த நிலத்தை அனங்கு பழங்குடியினருக்கே திருப்பிக் கொடுத்து, அவர்களிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசு வாங்கிக்கொண்டு பூங்கா நடத்துகிறது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அனங்கு. அது எங்களுக்குப் புனிதமான பாறை, ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017-ல் குழு முடிவெடுத்தது. 2019 அக்டோபரோடு ஏறுவது நின்றது. சுற்றுலாப் பணம் எவ்வளவு போனாலும் நின்றது. 1985-லிருந்து 34 ஆண்டு ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தாரர்கள் கையில் இருந்தது, 1976-ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதாவது நாடு சுதந்திரமடைந்து 29 ஆண்டு கழித்து. உழுத நிலத்துக்குக் காகிதம் இல்லாமல் போனதற்கும், வனத்துறைக்கும் ஊருக்கும் எல்லைத் தகராறு ஓயாததற்கும் இது ஒரு காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் செத்த பிறகு, மலை மக்கள் நிலையை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை இல்லை, நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் அப்போதுதான் கீழே இருக்கிறவர்கள் படித்தோம். காடு குறுக்கே இருப்பதால் சாலை போட முடியவில்லை என்பது வழக்கமான பதில். அதே வன உரிமைச் சட்டத்தில், சாலை, பள்ளி, குடிநீர் போன்ற 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் ஒதுக்க வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது கிராம சபையின் பரிந்துரை.

ஊர் என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. மலையில் மரவள்ளி ஏறிய வேகமும் சேலம், ஆத்தூர் சேகோ ஆலைகளின் பசியும் எல்லாருக்கும் தெரியும். சரிவில் மரவள்ளி பிடுங்கினால் மண்ணும் கூடவே இறங்கும். அந்த மண் கோமுகி அணைக்குத்தான் போகிறது. ஊர்க்கவுண்டர் சொன்னதே முடிவு என்று இருக்கிற இடத்தில், கடுக்காய் பொறுக்குகிற பெண்ணின் வார்த்தைக்கு என்ன இடம்? சட்டம் எழுதியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. கிராம சபையில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று விதியில் போட்டார்கள்.

"அப்போ மலையில ஒரு ஊரு இன்னைக்கு ஆரம்பிக்கணும்னா என்னா செய்யணும்ணே?"

பெரிய ஊராட்சி முழுக்க ஒரே சபையாகக் கூட்டினால் யாரும் வரமாட்டார்கள். ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே அரை நாள் ஆகும். குக்கிராம அளவில் கூட்ட வேண்டும் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-லேயே சொல்லியிருக்கிறது. சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். தனி நிலத்துக்கு ஒரு படிவம், கடுக்காய், தேன், மேய்ச்சல் போன்ற ஊர் உரிமைக்கு ஒரு படிவம், காட்டை நிர்வகிக்கும் உரிமைக்குத் தனியாக மூன்றாவது ஒன்று. முதல் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கமாக நடப்பது. மூன்றாவதற்குச் சான்றாகப் பழைய பத்திரம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்றுதான். சாமி கும்பிடுகிற இடம், சுடுகாடு, பழைய ஊர் இருந்த தடம், எல்லாம் சேரும். பிறகு எல்லையை நடந்து பார்த்து வரைய வேண்டும். நடக்கும்போது பக்கத்து ஊர்க்காரர்களையும் வனத்துறைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் வரைபடம் முடிந்த மறுநாளே சண்டை வரும்.